உப்புக் காற்றில் எந்தப் பூட்டு நிற்கும்? பித்தளைப் பூட்டும் எஸ்.எஸ். ஆல்ட்ராப்பும்

கீழக்கரை, பாம்பன், தொண்டி பக்கம் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள் விலை உயர்ந்த பூட்டாகப் பார்த்து வாங்குகிறார்கள். ஆனால் கடப்பாரை போட்டு நெம்பினால் முதலில் பெயர்வது ஆல்ட்ராப்பை, அதாவது பூட்டு மாட்டும் இழுதாழ்ப்பாளை, பிடித்திருக்கும் ஸ்க்ரூதான். கடலோரத்தில் அந்த ஸ்க்ரூ மரத்துக்குள்ளேயே துருவேறி இற்றுப்போயிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தலை மட்டும் பளபளவென்று இருக்கும்.

பூட்டைப் பொறுத்தவரை கோத்ரெஜ் நவ்தால் மாதிரியான 7 லீவர் (சாவி தூக்கும் உள்தகடு) பித்தளைப் பூட்டுக்கே எங்கள் ஓட்டு. இரும்பு உடல் பூட்டின் முலாம் ஒரு கீறல் விழுந்ததும் உரியத் தொடங்கும். பித்தளை பச்சை படரும், அவ்வளவுதான். வளைகம்பி மட்டும் எஃகு என்பதால் அதைத்தான் கவனிக்க வேண்டும். கொண்டியில் மாட்டிய பிறகு கம்பிக்குள் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால், அந்த அளவு உங்கள் கதவுக்குப் பொருந்தாது. அதே இடைவெளியில் கம்பி விட்டு நெம்பலாம்.

தேங்காய் எண்ணெய் விடவே விடாதீர்கள். காற்றில் வரும் மணல் அதில் ஒட்டி லீவர்களை இறுக்கிவிடும். பென்சில் தூளும் இங்கே சரிப்படாது. கிராஃபைட்டும் உப்பு ஈரமும் சேர்ந்தால் எஃகு வேகமாக அரிபடும். டெஃப்லான் டிரை ஸ்பிரே சாவித்துளையில் ஒரு அடி, வளைகம்பி இறங்கும் துளைகளில் ஒரு அடி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும்.

ஆல்ட்ராப்பில்தான் ஏமாற்று அதிகம். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று விற்பதில், உப்புக் காற்றில் சீக்கிரம் துருவேறும் மலிவான 202 கிரேடு நிறைய. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, 202, 304 இரண்டிலுமே அது சரியாக ஒட்டாது. பேட்டரியோடு வரும் எஸ்.எஸ். சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டால் மாங்கனீஸ் அதிகமுள்ள 202 சிவக்கும். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். ஊருக்குள் இருக்கும் வீட்டுக்கு 304 போதும், மேலே பழுப்புக் கறை படர்ந்தாலும் நல்ல தண்ணீரில் துடைத்தால் போய்விடும். அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் வீடு என்றால் 316 கேளுங்கள். அதில் சேர்த்திருக்கும் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம்தான் உப்பைத் தாங்குகிறது.

பெட்டியோடு வரும் முக்கால் அங்குல ஸ்க்ரூவைத் தூக்கிப் போடுங்கள். எஸ்.எஸ். தகட்டில் இரும்பு ஸ்க்ரூ போட்டால் உப்பு ஈரத்தில் இரும்புதான் கரையும். கதவுப் பலகையில் உருண்டைத் தலை எஸ்.எஸ். போல்ட்டை வெளியிலிருந்து விட்டு, உள்ளே அகல வாஷர் வைத்து நட்டு முறுக்கச் சொல்லுங்கள். நிலைக்குப் போகும் கொண்டிக்கு 2 அங்குல ஸ்க்ரூ, முன்கூட்டியே துளையிட்டு. ஆசாரி சுத்தியலால் பாதி அடித்து மீதியைத் திருகினால் மரத்தில் மரை பிடிக்காது. பக்கத்தில் நின்று பாருங்கள்.

வெளிப்பூட்டு தொங்கினாலே வீட்டில் ஆளில்லை என்று தெரிந்துவிடும். அதனால் வாசல் கதவுக்கு உள்பதிந்த பூட்டு, ஆல்ட்ராப்பும் பூட்டும் கொல்லைக் கதவுக்கு. கதவு வெளிப்பக்கம் திறக்குமானால் கீல் ஊசியும் வெளியில் இருக்கும். அதைத் தட்டிக் கழற்ற முடியாதபடி ஒரு புள்ளி வெல்டிங் வைத்துவிடுங்கள். வெல்டிங் வைத்த இடத்தில் அன்றைக்கே துத்தநாக பிரைமர் பூச வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன் காவல் நிலையத்தில் தேதியைச் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். கதவு திறந்தால் ஒலிக்கும் காந்த சென்சார் அலாரத்தை அதற்கு மேல் கூடுதலாக மட்டும் வைக்கலாம்: பட்டன் பேட்டரி தொடும் இடம் பச்சை படர்ந்தால் அது சத்தமே போடாது.