கன்னியாவில் வாளிப் பஞ்சம்

திருகோணமலைக்குப் போய்க் கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிக்காமல் திரும்புவதா என்று துவாயும் கையுமாகப் போனேன். ஏழு கிணறும் அப்படியே இருக்கின்றன. வாளிதான் இல்லை. அவ்வளவு சனத்துக்கும் இரண்டே இரண்டு. ஒன்றுக்குப் பிடி கழன்றுவிட்டது. மற்றதை ஒரு சுற்றுலா பஸ்ஸில் வந்தவர்கள் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். சீட்டுக் கொடுத்தவரிடம் முறையிட்டால், "அக்கா, நீங்கள் வாளி கொண்டு வரேல்லையோ?" என்று என்னையே கேட்கிறார்.

அம்மம்மா இறந்தபின் அவருக்கான கிரியைக்கு, அந்தியேட்டிக்கு, வந்தபோது வாளி வீட்டிலிருந்துதான் வான் வண்டியில் ஏறியது, சரி. இப்போது ஹீத்ரோவிலிருந்து யார் வாளியோடு விமானம் ஏறுவார்கள்? அள்ளி ஊற்றினால்தான் இங்கே குளிப்பு.

இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ரோமர் கட்டிய குளம் இருக்கிறது. ஊற்றின் சூடு 46 பாகை. தொடவும் விடமாட்டார்கள். 1978இல் அந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபாத் தொற்றால் இறந்ததோடு குளிப்பு நின்றது. குளிக்க ஆசையென்றால் 2006இல் திறந்த ஸ்பாவுக்குப் பவுண்ஸை எண்ணிக் கொடுக்கவேண்டும். ஆனால் துவாய், மேலங்கி, செருப்பு எல்லாம் அவர்களே தருவார்கள். ரோமர் கதையைச் சொல்ல, குளத்தடியில் காதுக்கு ஒரு கருவியும் உண்டு.

கன்னியாவின் கதை எனக்கு அம்மம்மா சொல்லித்தான் தெரியும். முதியவர் வேடத்தில் வந்த விஷ்ணு, இராவணனிடம் அவன் தாய் இறந்துவிட்டதாகச் சொல்லி, கிரியைக்காகத் தடியால் ஏழு இடத்தில் குத்தினாராம். அதனால்தான் இன்றும் எங்கள் சனம் அந்தியேட்டிக்கு இங்கே வருகிறது. பிள்ளையார் கோயில் இருந்த மேட்டில் விகாரை கட்டப் பார்க்க, 2019 ஜூலையில் சனம் திரண்டதும், திருகோணமலை மேல் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டதும் அம்மம்மாவுக்குப் பிந்திய கதை.

கடைசியில் அந்த பஸ்ஸில் வந்த ஒரு சிங்கள அம்மாதான் "எண்ட, எண்ட" என்று கூப்பிட்டுத் தன் கையாலேயே ஊற்றினார். சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி ஏறிப் போவதுதான் எங்கள் வழக்கம். அவர் எடுத்த எடுப்பிலேயே அதிகச் சூட்டில் அள்ளி உச்சந்தலையில் கவிழ்த்தார். கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வாளியை அள்ளினார். வாயைத் திறக்காமல் குனிந்து கொடுத்தேன். லண்டன் குளிரில் ஊறிய முதுகுக்கு அது எவ்வளவு சுகம்!

உடுப்பு மாற்ற வீட்டுக்குத்தான் வந்தேன். கன்னியாவில் உடுப்பு மாற்ற இருக்கும் அறையைப் பற்றித் தொடங்கினால் இன்னொரு பக்கம் எழுதவேண்டும்.