பைபாஸ் பங்க்: கேட்டால் அளந்தே காட்டுகிறார்கள்

வண்டி மைலேஜ் குறைந்த மாதிரி இருந்ததால், போன வாரம் எங்கள் பைபாஸ் பங்கில் அளவு சரிதானா என்று கேட்டேன். முகம் சுளிக்காமல், முத்திரை குத்திய 5 லிட்டர் அளவைப் பாத்திரத்தை எடுத்து வந்து என் கண்முன்னே பிடித்துக் காட்டினார்கள், கழுத்துக் கோட்டில் சரியாக நின்றது. கலப்படம் இருக்கிறதா என்று பார்க்க ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டதும் கறையே இல்லாமல் ஆவியாகிவிட்டது. இதெல்லாம் சலுகை இல்லை, நம் உரிமை, கேளுங்கள். பில்லில் ஜிஎஸ்டி ஏன் இல்லை என்று பின்னால் நின்றவர் கேட்டதற்கும், "பெட்ரோலுக்கு ஜிஎஸ்டி கிடையாதுண்ணே, மத்திய கலால் வரியும் மாநில வாட் வரியும் விலைக்குள்ளேயே இருக்கு" என்று பெட்ரோல் போடும் பெண் பொறுமையாகச் சொன்னார். இலவசக் காற்று மிஷின்தான் பாதி நாள் ஓடுவதில்லை, அதைச் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும்.