ரேட்டிங் இடைவெளி பெரிதாக உள்ள ஆட்டங்களுக்கு லிச்செஸ் பகுப்பாய்வு எந்த அளவுக்கு உதவும்?

போட்டியில் ஆடிய சதுரங்க ஆட்டங்களை அலசுவதற்கு லிச்செஸ் என்ற இணையதளத்தின் பகுப்பாய்வுப் பலகையைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். கட்டணம் கிடையாது, விளம்பரமும் கிடையாது. நகர்த்தல்களை உள்ளிட்டால் ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்கக் கணினி நிரல் ஆட்டம் முழுவதையும் மதிப்பிட்டு, தவறுகளையும் பெருந்தவறுகளையும் தனித்தனியே குறித்துத் தருகிறது. ஆனால் 1600 ரேட்டிங் (ஆட்ட பலத்தைக் குறிக்கும் எண்) உள்ளவர் 2000 ரேட்டிங் உள்ளவரை எதிர்கொண்ட ஆட்டம் என்றால், அந்த மதிப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரேட்டிங்கைக் கணிக்கும் ஈலோ முறைப்படி 400 ரேட்டிங் புள்ளி இடைவெளியில் பலம் குறைந்தவரிடம் எதிர்பார்க்கப்படுவது ஆட்டத்துக்குச் சுமார் 0.09 புள்ளிதான் (வெற்றிக்கு 1, டிராவுக்கு அரை). அப்படியிருந்தும் மதிப்பீட்டு வரைபடம் நெடுநேரம் சமநிலையைக் குறிக்கும் நடுக்கோட்டை ஒட்டியே செல்வதுண்டு. அண்மையில் நான் அலசிய ஓர் ஆட்டம் யானையும் சிப்பாயும் மிஞ்சிய இறுதிக்கட்டத்தை எட்டியிருந்தது. கறுப்பு ராஜா வெள்ளைச் சிப்பாயின் பாதையை மறித்து நிற்க, கறுப்பு யானை தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையைக் காத்தது. சிப்பாய் அந்த வரிசைக்கு வரும்வரை அங்கேயே இருந்து, வந்தபின் மறுகோடிக்குச் சென்று பின்னாலிருந்து செக் கொடுத்தால் ஆட்டம் டிரா. பலகை காட்டிய எண் 0.0, அதாவது சமநிலை. ஆனால் கறுப்பு ஆடியவர் யானையைக் கடைசி வரிசைக்கு இறக்கி அங்கேயே முடங்கினார். நடுச் சிப்பாய்க்கு எதிராக அந்தத் தற்காப்பு செல்லாது என்பதால் தோற்றார். ஏழு காய்கள் வரை மிஞ்சிய நிலைகளின் முடிவுகளைச் சேமித்துள்ள இறுதிக்கட்டத் தரவுத்தளம் பிசகிய நகர்த்தலைத் துல்லியமாகச் சுட்டியது. இது உண்மையிலேயே அருமையான வசதி. எனினும் அந்த 0.0 என்பது ஒருவருக்கு மனப்பாடமான வழி, மற்றவருக்கோ ஒவ்வொரு நகர்த்தலிலும் கண்டுபிடிக்க வேண்டிய வழி என்ற வேறுபாட்டை எந்த எண்ணும் காட்டுவதில்லை.

தொடக்க ஆட்டத் தரவுகளை ரேட்டிங் வாரியாக வடிகட்டிப் பார்க்கும் வசதி இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனால் வடிகட்டி இருவரின் சராசரி ரேட்டிங்கையே கொள்வதால், சமமற்ற இணைகளை அதில் தனியாகப் பிரிக்க முடியாது.

‘தவறுகளிலிருந்து கற்றல்’ பகுதியும் மதிப்பீடு சரிந்த இடங்களில் மட்டுமே நிறுத்துகிறது. ஆகவே எண் அசையாத கட்டங்களையும் நாமாகவே நின்று பார்க்க வேண்டும். நேரில் ஆடிய ஆட்டத்தில் கடிகார நேரம் தானாகப் பதிவாகாது என்பதால், நகர்த்தல் தாளில் அவ்வப்போது எஞ்சிய நிமிடங்களை எழுதிவைத்து, பின்னர் பலகையில் குறிப்பாகச் சேர்ப்பது நல்லது. பலம் குறைந்தவர் எந்த இடத்தில் திணறினார் என்பதை மதிப்பீட்டு எண்ணைவிட அந்த நிமிடங்களே தெளிவாகக் காட்டும்.