பழைய வீட்டில் படுக்கையறைகளையும் குளியலறைகளையும் மாற்றியமைத்தோம்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பழைய வீடு வாங்கப் போகிறவர்கள் எத்தனை அறை என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கழிவுக் குழாய் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள் என்பேன் நான். நாங்கள் வாங்கியபோது மாடியில் நான்கு சிறிய படுக்கையறைகள் இருந்தன. நடைவழியின் கோடியில் ஒரே ஒரு குளியலறை. இப்போது மாடியில் இரண்டு படுக்கையறைகளும் இரண்டு குளியலறைகளும் இருக்கின்றன. அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் ஓர் அறையும் அதையொட்டி ஒரு குளியலறையும் அமைத்தோம். வேலை முடிந்த கையோடு எழுதியிருந்தால் டைல்ஸின் நிறத்தைப் புகழ்ந்திருப்பேன். பல ஆண்டுகள் புழங்கிய பிறகு பேச வேண்டியவை வேறாக இருக்கின்றன.

எங்களுடைய முதல் ஆசை, பெரிய படுக்கையறையின் மூலையிலேயே புதுக் குளியலறை கட்டுவது. அந்த மூலையிலிருந்து செங்குத்துக் கழிவுக் குழாய்க்கு நான்கு மீட்டருக்கு மேல் தூரம். கழிவறைக் குழாய் 110 மில்லிமீட்டர் விட்டம். மீட்டருக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் சரிவு கொடுத்தால்தான் கழிவு தேங்காமல் ஓடும். நான்கு மீட்டருக்கு 8 சென்டிமீட்டர், குழாயின் விட்டம் 11 சென்டிமீட்டர். இந்த 19 சென்டிமீட்டரை எங்கே ஒளிப்பது? புதிதாகக் கட்டும்போது குளியலறைத் தளத்தைத் தாழ்வாகப் போட்டுக் குழாயை அதற்குள் புதைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அப்படித் தாழ்த்திய தளம் பழைய குளியலறையில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடங்களில் இரண்டே வழி: தரையைப் படி வைத்து உயர்த்த வேண்டும், அல்லது தளத்தைத் துளைத்துக் குழாயைக் கீழறையின் கூரையில் தொங்கவிட வேண்டும். நள்ளிரவில் எழுந்து போகிற இடத்தில் படி வேண்டாம். இன்னொருவர் தூங்குகிற அறையின் தலைக்கு மேல் கழிவுக் குழாயும் வேண்டாம்.

அதனால் ஆசையை விட்டோம். பழைய குளியலறையை ஒட்டியிருந்த மிகச் சிறிய படுக்கையறையைக் குளியலறை ஆக்கினோம். நடுவில் ஒரே சுவர். அதன் இரு பக்கமும் குழாய்கள். எல்லாம் அதே செங்குத்துக் குழாயில் சேர்கின்றன. தூரம் குறைவு என்பதால் தரையைச் சற்றே உயர்த்தினால் போதுமாக இருந்தது. அந்த உயர்வையும் படியாக விடாமல், வாசலுக்கு வெளியே சரிவாக இழைத்துவிட்டார்கள். கீழ்த்தளக் குளியலறையும் இவற்றுக்கு நேர் கீழேதான் வருகிறது. இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அடைப்பு இல்லை. அறைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததற்காக யாரும் வருத்தப்பட்டதும் இல்லை.

மீதி மூன்றில் இரண்டு அறைகளை ஒன்றாக்க நடுச் சுவரை எடுத்தோம். தட்டிப் பார்த்த கொத்தனார், "இது தடுப்புச் சுவர்தான், தாராளமாக எடுக்கலாம்" என்றார். கட்டமைப்புப் பொறியாளர் தட்டவில்லை. கூரையில் உத்தரம் எந்தத் திசையில் போகிறது, மேலே தண்ணீர்த் தொட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது, கீழ்த்தளத்தில் அதே கோட்டில் சுவர் இருக்கிறதா என்று பார்த்தார். அந்தச் சுவரின் பாதி நீளம் கூரையின் சுமையைத் தாங்கிக்கொண்டிருந்தது. முட்டுக் கொடுத்து, எஃகு உத்தரம் ஏற்றி, அதன் பிறகே சுவரை இறக்கினார்கள். உத்தரம் கூரைக்குக் கீழே துருத்திக்கொண்டுதான் தெரிகிறது. அதை மூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டைத் தாங்குவது கண்ணுக்குத் தெரிந்தால் நல்லதுதானே.

சுவரை எடுத்த பிறகு தெரிகிற ஒன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சுவர் நின்ற இடத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் தரையே இல்லை, வெறும் செங்கல் தழும்பு. அதன் இடப்பக்கத் தரையும் வலப்பக்கத் தரையும் ஒரே மட்டத்திலும் இல்லை. ஒரு விரற்கடை வித்தியாசம். சுவர் இருந்தவரை அது யார் கண்ணிலும் படவில்லை. அறை முழுவதும் தரையைப் பெயர்த்து மட்டம் பார்த்துப் போட வேண்டியதாயிற்று. சுவரை இடிக்கிற செலவைக் கணக்கிடுகிறவர்கள் தரையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேருமிடம் இன்னொன்று. இரண்டும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை, ஒரே அளவில் காய்வதுமில்லை. சேருமிடத்தில் கம்பி வலை வைத்துப் பூசிய இடங்களில் இன்றுவரை விரிசல் இல்லை. பரணுக்கு மேலே, வலை வைக்காத சிறு பகுதியில் மட்டும் முடியளவு கோடு ஒன்று ஓடுகிறது.

குளியலறைகளைப் பொறுத்தவரை நான் மிகவும் நன்றியோடு நினைப்பது, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் செய்த தண்ணீர்ச் சோதனையை. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். இடுக்குகளில் நிரப்பும் பூச்சு வழியாக ஈரம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். தடுப்பது அடியில் பூசும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. அதைத் தரையில் மட்டும் பூசினால் போதாது. சுவரின் அடியிலும் ஒரு சாண் உயரம் ஏற்ற வேண்டும், ஷவர் நனைக்கும் சுவரில் தலைக்கு மேல்வரை ஏற்ற வேண்டும். பூச்சு காய்ந்ததும் வடிகால் துளையை அடைத்து, தரையில் தண்ணீர் நிறுத்தி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து ஒரு முழு நாள் விட்டோம். மறுநாள் கோடும் தண்ணீரும் பிரியவில்லை. கீழறையின் கூரையிலும் ஈரம் இல்லை. இந்தச் சோதனைக்கு நேரமில்லை என்று சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஓதம் ஏறிய பிறகு டைல்ஸைப் பெயர்த்துச் சரிசெய்வது முதலிலிருந்து கட்டுவதைவிடக் கடினம்.

இரண்டு குளியலறைகளையும் படுக்கையறைகளோடு இணைக்கலாம் என்று பலர் சொன்னார்கள். ஒன்றை மட்டுமே இணைத்தோம். மற்றது நடைவழியிலேயே இருக்கிறது. வருகிறவர்கள் யாருடைய படுக்கையறையையும் கடக்க வேண்டியதில்லை. பழைய குளியலறையில் வாஷ்பேசினை வெளியே நடைவழிக்குக் கொண்டுவந்து, கழிவறைக்கும் குளிக்கும் இடத்துக்கும் நடுவில் தடுப்பும் தனித்தனிக் கதவும் வைத்தோம். காலையில் ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் பல் துலக்கலாம், மூன்றாமவர் கழிவறைக்குப் போகலாம். வீட்டில் செய்த மாற்றங்களிலேயே நாள்தோறும் பயன்படுவது இதுதான். கூடுதலாக ஒரு குளியலறை கட்ட இடமில்லாதவர்கள் இதை முதலில் யோசிக்கட்டும்.

சத்தம் வரைபடத்தில் தெரியாது. இணைந்த குளியலறையின் ஃப்ளஷ் டேங்க் எந்தச் சுவரில் இருக்கிறதோ அந்தச் சுவரில் கட்டிலின் தலைமாட்டை வைக்கக் கூடாது. நாங்கள் அந்தச் சுவர் முழுவதும் துணி அலமாரி வைத்தோம். மடித்து அடுக்கிய துணிகள் சத்தத்தை நன்றாகவே வாங்கிக்கொள்கின்றன. தொட்டி நிரம்பும் ஒலி மட்டும் இரவில் மெல்லக் கேட்கிறது.

அம்மாவின் குளியலறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும். தாழ்ப்பாளையும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கலாம். நகரும் கதவு இடத்தை மிச்சப்படுத்தும்தான், ஆனால் ஓரங்களில் சத்தமும் வாடையும் கசியும். படுக்கையறைக்குள் அது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிமானக் கம்பிகள் எங்கே வரும் என்று பூசும்போதே முடிவு செய்து, அந்த இடங்களில் சுவரைக் கெட்டியாக்கி வைத்தோம். அம்மாவுக்கு அப்போது அவை தேவைப்படவில்லை. இப்போது அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்.

அந்தக் குளியலறைக்கு வெளிச்சுவர் இல்லை, ஆகவே ஜன்னலும் இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் ஈரக் காற்றைக் குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. கதவின் அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டதால்தான் அது வேலை செய்கிறது. உள்ளே வரக் காற்று இல்லையென்றால் ஃபேன் சும்மா சுற்றும். குளித்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓடும்படி டைமர் வைத்திருக்கிறோம். கூரை மூலைகளில் பூஞ்சை பிடிக்கவில்லை.

ஒரு சிறு தொல்லை உண்டு. மாடியில் இணைந்த குளியலறையை நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் யாரும் பயன்படுத்துவதில்லை. தரை வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாடையைத் தடுக்கிறது. சில வாரங்களில் அது ஆவியாகிவிட்டால் அறை முழுக்க வாடை. கிளம்பும்போது ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் சில சொட்டுச் சமையல் எண்ணெய் விடுகிறோம். எண்ணெய்ப் படலம் ஆவியாவதை மட்டுப்படுத்துகிறது.

சுவர்களைப் பூசி மூடுவதற்கு முன், அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து எல்லாக் குழாய்களையும் படம் எடுத்து வைத்தேன். கம்பி பொருத்தவும் கண்ணாடி மாட்டவும் சுவரில் துளையிடும் ஒவ்வொரு முறையும் அந்தப் படங்களைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கிறோம்.