நிடா சமவெளியின் கற்குடில்கள்: அரைநாள் பயணம் பற்றிய மதிப்புரை

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், 2,456 மீட்டர் உயரமுள்ள சிலோரிட்டிஸ் மலையின் ஆட்டிடையர்கள் சாந்தே இல்லாமல் வெறுங்கல்லை அடுக்கிக் கட்டிய வட்டக் குடில்களுக்கு 'மிதாதோ' என்று பெயர். அவற்றைக் காண்பதற்காக, அனோயியா ஊரில் இடையர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் நடத்தும் அரைநாள் பயணத்தில் கடந்த மே மாதம் கலந்துகொண்டேன். கட்டடக் கலையிலோ கால்நடை வாழ்க்கையிலோ சிறிதேனும் ஆர்வமுள்ளவர்கள் தயங்காமல் போகலாம்.

அனோயியாவிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் மலைச்சாலையில் ஏறினால், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் நிடா சமவெளி விரிகிறது. சரிவுகளில் நிற்கும் மிதாதோக்கள் தொலைவிலிருந்து பார்த்தால் கற்குவியல்களாகவே தெரிவதால், வழிகாட்டி இல்லாமல் வருபவர்கள் பலவற்றைக் கவனிக்காமலே கடந்துவிடக்கூடும்.

குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டும். கூரையின் உச்சியில், அடுப்புப் புகை வெளியேறுவதற்காக விட்ட துளையிலிருந்து இறங்கும் வெளிச்சத்துக்குக் கண் பழகியதும், தரையிலிருந்து உச்சிவரை வளையம் வளையமாகச் சுருங்கிக்கொண்டே போகும் சுண்ணாம்புக்கல் பாளங்கள் புலப்படுகின்றன. ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையைவிடச் சற்று உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. கல்லின் பெரும்பகுதி எடை பின்புறம் நிற்பதாலும், வளையம் முழுமையானதும் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்துக்கொள்வதாலும், அடியில் முட்டுக் கொடுக்காமலேயே குவிமாடம் எழுகிறது. வழிகாட்டி இதைச் சொல்லோடு நிறுத்தவில்லை. வெளியே கிடந்த பாளங்களை எங்களிடமே கொடுத்து மூன்று வரிசை அடுக்கச் சொன்னார். முன்னால் சரிந்த என் கல்லின் வால்பகுதியில் அவர் ஒரு கல்லை ஏற்றி வைத்ததும் அது அசையாமல் நின்றது. பாளங்களை வெளிப்புறமாகச் சற்றுத் தாழ்த்தி வைத்தால் மழைநீர் உள்ளே இறங்காது என்பதையும் அப்போதே காட்டினார்.

மிதாதோ இடையர்கள் தங்கும் இடம் மட்டுமன்று, பாலைப் பக்குவப்படுத்தும் பட்டறையும் அதுவே. கிராவியேரா என்னும் பாலாடைக்கட்டியை எடுத்தபின் கொப்பரையில் மிஞ்சும் நீரை மீண்டும் சூடாக்கினால் மிசித்ரா என்னும் மென்மையான கட்டி திரண்டு வரும். சாலையும் வண்டியும் வந்தபின் பால் பெரும்பாலும் ஊர்ப்பக்கத்துப் பண்ணைகளுக்கே போய்விடுகிறது. எங்களுக்காக அவர் அந்த நீரை ஊரிலிருந்தே கொண்டுவந்து, பழைய அடுப்பை மூட்டி மிசித்ரா எடுத்து, தேன் விட்டுக் கொடுத்தார். இந்தப் பயணத்தில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பகுதியைத்தான்.

வருத்தமளித்தது ஒன்று உண்டு. நாங்கள் பார்த்த குடில்களில் ஒன்றைச் சிமென்ட் பூசிப் பழுதுபார்த்திருந்தார்கள். சாந்தில்லாக் கட்டுமானத்தில் கற்களுக்கிடையே நீர் வடியவும் காற்று நுழையவும் இருக்கும் வழியைச் சிமென்ட் அடைத்துவிடுகிறது. 2018ஆம் ஆண்டில் கிரேக்கம் உள்ளிட்ட எட்டு நாடுகளின் சாந்தில்லாக் கற்கட்டுக் கலையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, அது மதித்தது கட்டும் கையின் அறிவை. அந்த அறிவைப் புறக்கணித்துச் செய்யும் பழுதுபார்ப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை. வழிகாட்டியும் இதை மறைக்காமல், அந்தக் குடிலின் முன் நின்றே விளக்கினார்.

கோடையின் நடுவில் கறவை ஓய்ந்துவிடுவதால் மே அல்லது ஜூன் மாதத்தில் செல்வது நல்லது. வெயில் நாளிலும் மேலே குளிர்காற்று வீசுகிறது. கம்பளிச் சட்டையும் உறுதியான காலணியும் அவசியம். மிசித்ரா எடுப்பதைப் பார்க்க விரும்புவோர் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.