சிம்பிள் நேவிகேஷன் ஜெம்: நீண்ட காலம் பாவித்த பிறகு

வெள்ளவத்தையில் சொந்தமாக வேலை எடுத்துச் செய்யும் நண்பர் ஒருவர், ரெயில்ஸில் (ரூபி மொழியில் இணையச் செயலி கட்டும் சட்டகம்) எழுதும் புதிய செயலிக்கு மெனுவைக் கையால் எழுதுவதா, சிம்பிள் நேவிகேஷன் என்ற ஜெம்மை, அதாவது மெனு கட்டித் தரும் ஆயத்த நிரல் பொதியை, போடுவதா என்று கேட்டார். புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்கு நாங்கள் செய்து கொடுத்த களஞ்சியக் கணக்குச் செயலியில் ஆரம்பத்திலிருந்தே இதுதான் ஓடுகிறது. அதனால் பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மெனு முழுவதும் கொன்ஃபிக் ஃபோல்டரில், நேவிகேஷன்.ஆர்பி என்ற ஒரே ஃபைலில் இருக்கிறது. மேல் பட்டை, பக்கப் பட்டை, பிரெட்கிரம்ப் (முகப்பிலிருந்து இந்தப் பக்கம்வரை வந்த வழியைக் காட்டும் வரி) மூன்றும் அதிலிருந்தே வருகின்றன. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் மெனு வேண்டும் என்றார் வியாபாரி. பெயர்களை ஐ18என் (ரெயில்ஸின் மொழிபெயர்ப்பு வசதி) வழியாக எடுத்ததோடு அந்த வேலை முடிந்தது. முதலாளி மட்டும் பார்க்கவேண்டிய இலாபக் கணக்கை 'இஃப்' நிபந்தனை மற்றவர்களுக்குக் காட்டாது. (லிங்க் மறைந்தால் பக்கம் பூட்டப்பட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. அனுமதிச் சோதனை, கோரிக்கையைக் கையாளும் பகுதியான கொன்ட்ரோலரில் தனியாக இருக்கவே வேண்டும்.)

இனி எரிச்சல். நாம் நிற்கும் பக்கத்தை மெனுவில் தானாக நிறம் காட்டும் வசதி, யூஆர்எல் அச்சொட்டாகப் பொருந்தினால்தான் நிறத்துக்கான 'செலெக்டெட்' கிளாஸைப் போடும். ஓடர் பட்டியலில் நிற்கும்வரை சரி. ஓர் ஓடரைத் திறந்து திருத்தப் போனால் நிறம் போய்விடும்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. கணக்குப்பிள்ளை விலையைப் போட மறந்து புதிய ஓடரைச் சேமிக்கிறார். சிவப்பு எழுத்தில் பிழையோடு படிவம் திரும்பி வருகிறது. யூஆர்எல் ஓடர் பட்டியலுடையதுதான், ஆனாலும் நிறம் இல்லை. ஒப்பிடும் வேலையைச் செய்வது ரெயில்ஸின் 'கரண்ட்_பேஜ்' என்ற செயற்கூறு. படிவத்தைச் சேமிக்கும்போது போகும் போஸ்ட் கோரிக்கை வந்தால், 'இது அந்தப் பக்கம் இல்லை' என்றுதான் அது சொல்லும். பிரெட்கிரம்பும் தெரிவான மெனுவைப் பிடித்துக்கொண்டே போவதால் அதுவும் காலி. வேறெங்கோ வந்துவிட்டோம் என்று நினைத்து அந்த மனிதர் முதலிலிருந்து தொடங்குவார். அடித்த வரிகள் அத்தனையும் போச்சு. பிறகு ஃபோன் எனக்கு வரும்.

மருந்து இருக்கிறது: மெனுவின் 'ஹைலைட்ஸ்_ஒன்' என்ற அமைப்புக்கு 'சப்பாத்' (துணைப்பாதை) கொடுத்தால் அந்த யூஆர்எல்லுக்குக் கீழே வரும் எல்லாவற்றுக்கும் நிறம் வரும். ஆனால் ஓடருக்குக் கீழ்வரும் யூஆர்எல்லில் 'திரும்பிய சரக்கு' என்று தனி மெனு இருந்தால் இரண்டும் சேர்ந்து எரியும். அதைத் துணைமெனுவாக உள்ளே தள்ள வேண்டும். முகப்புக்கு 'சப்பாத்' கொடுத்தால் எந்தப் பக்கம் போனாலும் முகப்பு எரியும். ரெகெக்ஸ் (எழுத்துக் கோலத்தைப் பொருத்திப் பார்க்கும் கோவை) எழுதலாம் என்றால், யூஆர்எல் தொடக்கத்தில் மொழிக் குறி நிற்கிறது. மூன்று மொழிக்கும் இடம் விட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு புதிய மெனுவுக்கும் இந்த யோசனை. பட்டியலிலிருந்து திருத்தும் பக்கத்துக்குப் போவது எல்லாச் செயலியிலும் நடக்கும் காரியம். அதை இயல்பிலேயே கையாளாத மெனு ஜெம் எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

ஆகவே நண்பருக்குச் சொன்னது: ஏழெட்டு மெனுதான் என்றால் ஒரு பார்ஷியலில் (பக்கங்களுக்குள் செருகும் சிறு வார்ப்புரு) கையால் எழுதுங்கள், இது வேண்டாம். புறக்கோட்டைச் செயலியிலிருந்து இதைக் கழற்றுவீர்களா என்று திருப்பிக் கேட்டார். மாட்டேன். அங்கே மூன்று அடுக்கு மெனு, மூன்று மொழி, ஆளுக்கு ஆள் வேறு அனுமதி. அவ்வளவையும் ஒரே ஃபைலில் வாசித்துப் பழகிவிட்டேன்.