ஸ்பெஷல் 26: அதட்டலே ஆயுதம்

1987 மார்ச் 19. பம்பாய் ஆப்பரா ஹவுஸ் பகுதியில் உள்ள திரிபோவன்தாஸ் பீம்ஜி ஜவேரி நகைக்கடைக்குள் 'சிபிஐ ரெய்டு' என்று ஒரு கூட்டம் நுழைந்தது. கூட்டிவந்தவன் மோகன் சிங் என்று பெயர் சொல்லிக்கொண்டவன். உடன் வந்த 26 பேருக்குத் தாங்கள் போலி என்பதே தெரியாது. பத்திரிகை விளம்பரம் பார்த்து, நேர்காணலுக்கு வந்து, வேலை கிடைத்துவிட்டதென்று நம்பியவர்கள். நகையோடு போனவன் பிடிபடவே இல்லை. நீரஜ் பாண்டேயின் 'ஸ்பெஷல் 26' என்ற இந்திப் படம் (2013) இந்தச் சம்பவத்திலிருந்துதான் முளைத்தது.

படத்தில் ஒரு கும்பல் அதிகாரிகளாக நடித்துப் போலி ரெய்டு நடத்துகிறது. லாக்கர் உடைப்பு, சுரங்கம், வரைபடம் எதுவும் இதில் கிடையாது. போனைத் தொடவிடாதே, ஆட்களை ஓரிடத்தில் உட்காரவை, உள்ளூர் போலீஸையே துணைக்குக் கூப்பிடு: இவ்வளவுதான் திட்டம். பறிபோவது கறுப்புப் பணம் என்பதால் பறிகொடுத்தவர் புகார் கொடுக்க மாட்டார். செல்போன் இல்லாத காலம். வந்தவர் யாரென்று விசாரித்து முடிப்பதற்குள் கார் கிளம்பிவிடும். 1987 இங்கே அலங்காரத்துக்கு வைத்த ஆண்டு அல்ல, கதையின் அச்சாணி.

ஒரு குறை. அன்றைய வருமான வரிச் சட்டம் (1961) 132ஆம் பிரிவின் கீழ் நடந்த சோதனையில் வாரண்டைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பஞ்சநாமா (சோதனையில் நடந்ததைப் பதியும் ஆவணம்) எழுத வேண்டும். ஓர் அமைச்சர் வீட்டில் நடக்கும் முதல் ரெய்டில் படம் இந்தக் காகித வேலையை ஒரே தாவலில் கடந்துவிடுகிறது. கேள்வி கேட்கத் தோன்றாத அளவுக்கு அமைச்சரின் மடியில் கனம் இருக்கிறது என்பதால் நாமும் விட்டுவிடுகிறோம்.

கும்பலின் தலைவன் அஜய்யாக அக்‌ஷய் குமார் அடக்கி வாசிக்கிறார். படத்தைத் தூக்கிச் சுமப்பது கூட்டாளியாக வரும் அனுபம் கெர்தான். கிளம்பும்வரை கைநடுக்கம், அமைச்சர் வீட்டு வாசலைத் தாண்டியதும் அசல் அதிகாரியின் முறுக்கு. எதிர்ப்பக்கம் சிபிஐ அதிகாரியாக மனோஜ் பாஜ்பாய், சம்பளம் போதாத எரிச்சலோடும் நேர்மையோடும்.

காஜல் அகர்வால் வரும் காதல் பகுதி வெறும் வேகத்தடை. நம்மூரில் மரகதமணி என்று அறியப்படும் எம்.எம். கீரவாணியின் மெட்டுகள் இனிமைதான், ஆனால் தப்பான இடத்தில் வருகின்றன.

'தானா சேர்ந்த கூட்டம்' (2018) இதன் தமிழ் வடிவம். அதில் சூர்யாவின் ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு நியாயம் ஒட்டப்பட்டிருக்கும். இங்கே அஜய்க்கு அப்படி எந்தச் சால்ஜாப்பும் இல்லை. திருடன் திருடனாகவே இருக்கிறான். எனக்கு இதுதான் பிடித்தது.

இரண்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டாவது முறை பார்ப்பவர்கள், முதல் ரெய்டில் யார் யாருக்குப் போன் செய்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.